ரெடிமேட் வீடு வாங்கலாமா? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கொஞ்ச வருடமாக வருகிறவர்கள் உட்கார்ந்ததுமே கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள். லாரியில் வீடு வருகிறது, கிரேன் தூக்கி வைக்கிறது, சாயந்தரம் பால் காய்ச்சுகிறார்கள். "இது நமக்குச் சரிப்படுமா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். அழகர்மலை அடிவாரத் தோட்டத்தில் என் அப்பா அம்மாவுக்கு இப்படி ஒரு வீடு இறக்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் பட்ட அடியும் இதில் சேர்த்தி.

அண்ணே, கன்டெய்னர் வீடு, கேபின், எல்ஜிஎஸ்எஃப் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை தம்பி, இங்கேதான் முதல் குழப்பமே.

கப்பலில் சரக்கு ஏற்றி ஓய்ந்த இரும்புப் பெட்டியை வெட்டி ஜன்னல் கதவு வைத்தால் கன்டெய்னர் வீடு. 20 அடிப் பெட்டி 160 சதுர அடி, 40 அடிப் பெட்டி 320 சதுர அடி. வெளியகலம் 8 அடி. உள்ளே வெப்பத் தடுப்பும் பலகையும் அடித்த பிறகு ஏழே கால் அடி மிஞ்சினால் அதிர்ஷ்டம். ஒரு கட்டிலைக் குறுக்கே போட்டால் காலை நீட்டி நடக்க முடியாது.

கேபின் என்பது புது இரும்புச் சட்டத்தில் பஃப் பேனலோ (இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த பலகை) சிமென்ட் போர்டோ அடித்து, ஒயரிங் வரை பட்டறையிலேயே முடித்துக் கொண்டுவருவது. ரோட்டில் ஓடும் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதனால் இதுவும் பெரும்பாலும் 8 அடி அகலத்தில்தான் வரும்.

எல்ஜிஎஸ்எஃப் பெட்டியாக வராது. துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த குச்சிகள் கட்டுக்கட்டாக வரும். சைட்டில் திருகி நிறுத்தி, இரண்டு பக்கமும் போர்டு அடித்து, நடுவில் கம்பளி மாதிரி ராக்வுல் அடைப்பார்கள். அறை அளவை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம். பார்ப்பதற்கு வீடு மாதிரியே இருக்கும்.

நான்காவது, ப்ரீகாஸ்ட். சுவரையும் தளத்தையும் கான்கிரீட்டில் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்துவது. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 1,152 வீடுகளை இப்படிக் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வார்த்தால்தான் அந்தக் கணக்கு கட்டுப்படியாகும். நம் மூன்று சென்டுக்கு அது தோதுப்படாது.

சார், என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே "மேனுஃபேக்சர்டு ஹோம்" வாங்குவது சர்வ சாதாரணம் என்கிறானே?

உண்மைதான். அங்கே அதற்குத் தனிச் சட்டமே உண்டு. 1976 ஜூன் 15 முதல் தொழிற்சாலையில் செய்யும் அந்த வகை வீடுகளெல்லாம் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே விதிப்படிதான் செய்யப்படுகின்றன. அடியில் நிரந்தர இரும்புச் சட்டம் இருக்கும், சக்கரம் மாட்டி இழுத்துவருவார்கள். மாடுலர் வீடு என்பது அங்கே வேறு. துண்டு துண்டாகச் செய்து வந்து அஸ்திவாரத்தில் நிரந்தரமாக உட்காரும், அந்தந்த ஊர்க் கட்டட விதிதான் அதற்கு. கடன் கொடுப்பது முதல் விலை மதிப்பு வரை இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

நம் ஊரில் அந்தப் பிரிவினை கிடையாது. விற்பவர் "மாடுலர்" என்று போர்டு வைத்திருந்தால் அது அவர் வைத்துக்கொண்ட பெயர், அவ்வளவுதான். உங்கள் மகன் அங்கே பார்த்த முத்திரையையும் சான்றிதழையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். அந்த வேலையை இங்கே நீங்களே ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போய்ப் பார்த்துத்தான் செய்தாக வேண்டும்.

செங்கல் வீட்டைவிடச் செலவு மிச்சமாகுமா?

நாள் மிச்சமாகும். பணம் மிச்சமாகும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

சதுர அடி 1,600 ரூபாய் என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 480 சதுர அடிக்கு 7,68,000. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,38,240. ஆக 9,06,240. இது பட்டறை வாசல் விலை. அஸ்திவாரம், லாரி வாடகை, கிரேன் வாடகை, செப்டிக் டேங்க், தண்ணீர் டேங்க், போர், ஈ.பி. இணைப்பு, வாசல் படி எதுவும் இதில் இல்லை. கொத்தனாரிடம் பேசும் சதுர அடி விலையில் இவற்றில் பாதி அடங்கியிருக்கும். அதனால் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. கொட்டேஷன் கொடுப்பவரிடம் "இதில் எதெல்லாம் இல்லை?" என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியல்தான் உண்மையான கொட்டேஷன்.

அஸ்திவாரமே வேண்டாம், நாலு கல்லை வைத்து மேலே உட்கார வைத்துவிடலாம் என்கிறார்களே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீடு கெட்டுப்போவதை நான் அதிகம் பார்த்தது இதனால்தான்.

முதலில் உங்கள் மண் என்ன என்று பாருங்கள். மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண்ணும் சரளையும் பாறையும். அங்கே இரண்டு மூன்று அடி தோண்டிப் பீடம் கட்டி மேலே தூக்கி வைத்தால் பெரிதாக வம்பு வராது. திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல். கோடையில் அந்தக் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், வெடிப்பில் கை போகும், சில இடத்தில் காலே போகும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பும்போது மேலே இருப்பதைத் தூக்கும்.

"வீடு லேசு, அதனால் மண்ணுக்குப் பாரம் இல்லை" என்று விற்பவர் சொல்வார். செம்மண்ணில் அது நியாயம். கரிசலில் தலைகீழ். கனமான வீடு உப்புகிற மண்ணைக் கொஞ்சமாவது அமுக்கிப் பிடிக்கும். லேசான வீட்டை மண் தன் இஷ்டத்துக்குத் தூக்கும், அதுவும் ஒரு மூலையைத் தூக்கி இன்னொரு மூலையை விட்டுவிடும். சட்டம் முறுக்கிக்கொள்ளும். முதலில் கதவு சாத்த வராது, பிறகு போர்டு இணைப்பில் விரிசல், பிறகு பாத்ரூம் குழாய் விட்டுப்போகும்.

கரிசலுக்கு வழி இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டிக் கீழே போக வேண்டும். மூன்று, மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலப்படுத்திக் கான்கிரீட் ஊற்றும் அண்டர் ரீம்டு பைல் இதற்கென்றே வந்தது. பைல்களின் தலையை பீம் கட்டி இணைத்து, பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், உப்பும் மண் பீமைத் தொடாதபடி. செலவு கூடும்தான். அந்தச் செலவைக் கேட்டுவிட்டு "அப்படியானால் செங்கலிலேயே கட்டிவிடுகிறேன்" என்று போனவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே மண்தான், அதே பைல்தான் என்று பின்னாலேயே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இது வீடே இல்லை, பொருள்தான், பிளான் அப்ரூவல் வேண்டாம் என்கிறார்கள்...

விற்பவருக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டும். கல், மண், மரம், தகரம், எதில் செய்திருந்தாலும் ஆள் குடியிருக்க நிறுத்தினால் அது கட்டடம் என்றுதான் நம் சட்டங்கள் பார்க்கின்றன. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எல்லாவற்றுக்கும் பொது.

சின்ன மனைக்கு இப்போது வழி சுலபம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். 2024 ஜூலையில் இது வந்தது. ஆனால் மனை சரியாக இருக்க வேண்டும். பட்டா, எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா பாருங்கள். பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், நில வகை மாற்றாமல் வீடு இறக்காதீர்கள். அப்ரூவல் இல்லாத மனை என்றால் முதலில் வரன்முறைப்படுத்தல். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். வரிசையை மாற்றுங்கள்.

ஹோம் லோன் கிடைக்குமா?

கன்டெய்னருக்கும் கேபினுக்கும் கஷ்டம். ஹோம் லோன் என்பது அசையாச் சொத்தை அடமானம் வைத்து வாங்குவது. சட்டம் எதை அசையாச் சொத்து என்கிறது என்றால், நிலத்தையும் அதில் பதிந்ததையும். நாலு கல்மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டியை நாளைக்கே கிரேன் வைத்துத் தூக்கிப் போய்விடலாம் என்று மேனேஜருக்குத் தோன்றினால் அவர்மேல் குற்றம் இல்லை. பர்சனல் லோன் வாங்கிக்கொள்ளச் சொல்வார். வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு.

அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு நிற்கும் எல்ஜிஎஸ்எஃப் வீடு, அனுமதி பெற்ற பிளான், லைசென்ஸ் இன்ஜினியரின் உறுதிச் சான்று, இவை கையில் இருந்தால் பேசிப் பார்க்கலாம். ஒரு கிளையில் முடியாது என்றால் இன்னொரு கிளையில் கேளுங்கள். கடன் எழுத்தில் வந்த பிறகுதான் ஆர்டர்.

கலைஞரின் கனவு இல்லம் பணத்தில் போடலாமா?

முடியாது அக்கா. அந்தத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை வேண்டும். ஷீட் கூரை கேபினை அதில் காட்ட முடியாது.

நம்ம ஊர் வெயிலில் தகரப் பெட்டிக்குள் எப்படி இருப்பது?

சித்திரை மாசம் பகல் ஒரு மணிக்கு, ஒன்றுமே அடைக்காத கன்டெய்னருக்குள் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அடைத்த வீடு வேறு மாதிரி. செங்கல் சுவர் பகல் வெயிலை மெதுவாக உள்ளே வாங்கி, ராத்திரி பத்து மணிக்கு மேல் அறைக்குள் விடும். அக்னி நட்சத்திரத்தில் நாமெல்லாம் மொட்டை மாடியில் பாய் விரித்ததே அதனால்தான். லேசான சுவரில் அந்தச் சேமிப்பு இல்லை. பகலில் சீக்கிரம் சுடும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறும். பகலில் வேலைக்குப் போய் ராத்திரி தூங்க வருகிறவர்களுக்கு இது லாபம். பகல் முழுக்க வீட்டிலிருக்கும் வயசானவர்களுக்கு நஷ்டம். என் அம்மா பகல் சாப்பாட்டுக்கு மேல் வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிடுவார்.

பணத்தைக் கூரையில் போடுங்கள். கூரைக்கு மேல் ஒரு அடி இடைவெளியில் இன்னொரு ஷீட் போட்டு, நடுவே காற்று ஓட விட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வேண்டாம். நான் மலை தெரியட்டும் என்று வைத்தேன், இப்போது பழைய வேட்டியைக் கட்டி மறைத்திருக்கிறோம். முன்னால் ஒரு தாழ்வாரம் இறக்குங்கள். அடைப்புக்குப் பஃபைவிட ராக்வுல்லை நான் விரும்புவேன். பஃப் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் தீப்பிடித்தால் அதன் புகையே ஆளைக் கொல்லும். ராக்வுல் எரியாது. சமையலறைச் சுவருக்காவது அதைக் கேளுங்கள்.

மழைச் சத்தம்?

ஒற்றை ஷீட் என்றால் டிவி கேட்காது. இரட்டைக் கூரையும் ராக்வுல்லும் இருந்தால் பாதகமில்லை. மழையைவிட எங்களுக்கு மயிலும் குரங்கும்தான் தொல்லை. விடியக்காலை மயில் ஷீட்டில் இறங்கி நடந்தால் ஆள் நடக்கிற மாதிரியே இருக்கும். முதல் வாரம் அப்பா கம்பெடுத்துக்கொண்டு இரண்டு தடவை வெளியே ஓடினார்.

எங்கள் தோட்டத்துக்கு லாரி வருமா, எப்படித் தெரிந்துகொள்வது?

என் கதையைக் கேளுங்கள். 40 அடிக் கேபின் ஆர்டர் கொடுத்தேன். "வழி பார்த்தாச்சு சார்" என்றார் விற்றவர். பார்த்தது கைப்பேசி மேப்பில். ட்ரெய்லர் கண்மாய்க் கரைத் திருப்பம் வரை வந்து நின்றது. 40 அடி வண்டி திரும்ப அந்த இடத்தில் வாய்ப்பே இல்லை. ஒரு பக்கம் மடை, மறுபக்கம் புளியமரம். பொழுது இருட்டுகிறது, டிரைவர் வெயிட்டிங் சார்ஜ் கேட்கிறார், விற்றவர் போனை எடுக்கவில்லை. கரையோரத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வயலில் நெல் நின்றது. அறுவடை முடியும்வரை 19 நாள் என் அப்பாவின் வீடு கண்மாய்க் கரையில் கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் அதன் நிழலில் சீட்டாடினார்கள். வயல் காய்ந்ததும் ஹைட்ரா என்கிற நடமாடும் கிரேன் வண்டி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக்கொண்டு, வயல் வழியாக நடத்திக் கொண்டுபோனோம். இரண்டாம் தடவை கிரேன் வாடகை என் தலையில். கொட்டேஷனில் "சைட் வரை டெலிவரி" என்றிருந்தது, எந்த சைட் என்று இல்லை.

அதனால், ஆர்டர் கொடுக்கும் முன் ட்ரெய்லர் டிரைவர் ஒருவரை டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை உயரம், தாழ்ந்த கரண்ட் கம்பி, சின்னப் பாலத்தின் பலம், கடைசித் திருப்பம். கிரேன் கை தூக்கும் இடத்துக்கு மேலே கம்பி போனால் ஈ.பி. ஆபீஸில் எழுதிக்கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். "பார்த்து எடுத்துடலாம்" என்பவரை நம்பாதீர்கள். வழி குறுகல் என்றால் எல்ஜிஎஸ்எஃப்தான். குச்சியெல்லாம் மினி லாரியிலேயே வந்துவிடும்.

பழைய கன்டெய்னரை நேரடியாகத் தூத்துக்குடியில் வாங்கினால் மலிவா?

மலிவாகக் கிடைக்கலாம். நாலு வழிச்சாலையில் 140 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேலே பாருங்கள். நட்சத்திரம் மாதிரி ஒளிப்புள்ளி தெரிந்தால் ஓட்டை. அடித்தளப் பலகைக்குப் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள், முன்பு என்ன சரக்கு ஏற்றினார்களோ அதுவும் தெரியாது. பிள்ளைகள் தவழ்கிற வீடென்றால் பலகையைப் பிரித்தெடுத்துப் புதிதாகப் போடுங்கள். இன்னொன்று, பெட்டியின் பலம் நாலு மூலைத் தூணிலும் மடிப்புத் தகட்டிலும் இருக்கிறது. ஜன்னலுக்கு வெட்டினால் வெட்டின இடத்தைச் சுற்றிச் சட்டம் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தொய்யும்.

காற்றடித்தால் பறந்துவிடாதா?

கட்டிப்போட்டால் பறக்காது. இந்தியத் தரக் குறியீட்டில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். கடற்கரை இல்லையே என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறித் திண்டுக்கல், கொடைக்கானல் வரை வந்தது. ஒவ்வொரு பீடத்திலும் ஆங்கர் போல்ட் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

இரும்பு வீட்டில் ஒரு ஒயர் தோல் உரிந்து சட்டத்தில் பட்டால் வீடே ஷாக் அடிக்கும். சட்டத்துக்குத் தனி எர்த், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச்), இரண்டும் இல்லாமல் ஒரு ராத்திரி கூடத் தங்காதீர்கள். பட்டறையில் போட்ட ஒயரிங் லாரி குலுங்கலில் தளர்ந்திருக்கும். இறக்கிய பிறகு எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொரு பாயிண்டையும் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு மனு கொடுங்கள், கட்டுமான வேலைக்குத் தரும் தற்காலிக இணைப்பிலேயே காலம் தள்ளினால் பில் கடிக்கும். வீட்டு இணைப்புக்கு உள்ள இலவச யூனிட்டும் அதில் கிடையாது.

எத்தனை வருடம் தாங்கும்? துரு, கரையான்?

துரு எப்போதும் வெட்டின இடத்திலும் ஓட்டை போட்ட இடத்திலும் பற்றவைத்த இடத்திலும்தான் தொடங்கும். அங்கே துத்தநாகப் பெயின்ட் அடித்தார்களா பாருங்கள். பாத்ரூம்தான் இந்த வீடுகளின் பலவீனம். தரை ஓரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே தெரியாமலே சட்டத்தைத் தின்றுவிடும். முடிந்தால் பாத்ரூமை மட்டும் பக்கத்தில் செங்கலில் கட்டிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், எடுத்த முடிவுகளில் அது ஒன்றுதான் முழுக்கச் சரி. கரையான் இரும்பைத் தின்னாது, ஆனால் உள்ளே அடித்த ப்ளைவுட்டைத் தேடிவரும்.

மொட்டை மாடியில் ஒரு அறை மட்டும் போடலாமா?

லேசான வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கீழ்வீட்டின் தூணும் பீமும் தாங்குமா என்று இன்ஜினியர் பார்க்க வேண்டும். சட்டத்தின் கால்கள் பீம் மேல் உட்கார வேண்டும், தளத்தின் நடுவில் அல்ல. இதற்கும் அனுமதி உண்டு.

பணம் எப்படிக் கொடுப்பது? ஏமாற்றினால் எங்கே போவது?

"ஆர்டருக்கு 50, டெலிவரிக்கு முன் 50" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். டெலிவரிக்கு முன் முழுப்பணமும் போய்விட்டால் பிறகு உங்கள் போனை யாரும் எடுக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். இரும்புச் சட்டம் நிற்கும்போது ஒரு பங்கு, பட்டறையில் நேரில் பார்த்த பிறகு ஒரு பங்கு, இறக்கி வைத்து ஒரு மழை பார்த்த பிறகு கடைசிப் பங்கு. தகட்டின் கனம், போர்டின் கனம், அடைப்பின் வகை மூன்றையும் எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். பில் கட்டாயம்.

தகராறு என்றால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் கோயம்புத்தூரோ பெங்களூரோ, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

நிலை வைப்பது எப்படி? வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

எல்ஜிஎஸ்எஃப் என்றால் பிரச்சினையே இல்லை, வாசலுக்கு மட்டும் மர நிலை செய்து நல்ல நேரத்தில் வழக்கம்போல வைத்துவிடலாம். அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேபினுக்கு, வாசல் இடத்தைக் காலியாக விட்டு அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் வேப்பமர நிலையை ஆசாரியிடம் செய்து வைத்திருந்தோம். கேபின் 19 நாள் கரையில் கிடந்ததால் பார்த்துவைத்த முகூர்த்தம் போயே போய்விட்டது. அடுத்ததற்குத் தை வரை காத்திருந்தோம்.

விற்றால் விலை போகுமா?

நிலத்துக்கு விலை போகும். வீட்டை வாங்குகிறவர் கணக்கில் சேர்க்க மாட்டார். கேபினைத் தனியாக விற்கலாம், சைட் ஆபீஸுக்குக் கேட்டு வருவார்கள்.

அண்ணே, சின்னக் கேள்விதான், சிரிக்காதீர்கள். மருமகளுக்கு இது மாசம். தொட்டில் கட்ட முடியுமா?

சிரிக்க ஒன்றுமில்லை தங்கச்சி, எல்லாரும் கடைசியில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி மாட்டினால் தொட்டிலோடு சீலிங்கும் கீழே வரும். ஃபேன், தொட்டில், ஊஞ்சல், மூன்றுக்கும் எந்த இடத்தில் கொக்கி வேண்டும் என்று வரைபடத்திலேயே புள்ளி வைத்துக் கொடுங்கள். அங்கே மேலே குறுக்குச் சட்டம் போட்டு அதில் பற்றவைத்துத் தருவார்கள். டிவி, கிச்சன் அலமாரி, சாமிப் பலகை வரும் சுவருக்கும் அப்படித்தான், போர்டுக்குப் பின்னால் கனமான ப்ளைவுட் வைக்கச் சொல்லிவிட வேண்டும். போர்டு அடித்து மூடிய பிறகு கேட்டால் ஆணி இறங்கும், நிற்காது.